ஆகாயத்தில் சத்திரம் இல்லை

திருமலையின் அடிவாரத்தில் அலிபிரி என்னும் இடத்திலுள்ள சோதனைச் சாவடி, நள்ளிரவை ஒட்டிய சில மணி நேரம் வாகனங்களை மலைமேல் விடாமல் நிறுத்தி வைப்பது நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்து சேர்ந்த குடும்பங்கள், அந்த வேளையில் வண்டியைச் சாலையோரத்தில் ஒதுக்கி, ஜமக்காளத்தை விரித்து, குழந்தைகளைப் படுக்க வைத்து, தாமும் சற்றுக் கண்ணயர்ந்து, கதவு திறக்கும் வரையில் பொறுமையோடு காத்திருப்பார்கள். ஐந்நூறு மைல் கடந்து வந்தவனும் அந்தக் கடைசிச் சில மைலுக்காகச் சண்டை பிடிப்பதில்லை. மலை இருட்டில் ஏறத்தக்கதன்று என்பதையும், பெருமாள் விடியற்காலையிலும் அங்கேயே இருப்பார் என்பதையும் அவன் அறிவான். இந்தக் காத்திருத்தலுக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம் ஆகாய மார்க்கத்தில் எப்படி அறுந்துபோயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

தமிழ் கூறும் நல்லுலகத்தின் வட எல்லையாக வேங்கடம் குறிக்கப்பட்ட காலந்தொட்டு, தொண்டை மண்டலத்தின் யாத்திரிகர்கள் எல்லோருக்கும் அந்த மலையே பிரயாணத்தின் முடிவிடமாக இருந்து வந்திருக்கிறது. காஞ்சியிலிருந்து திருத்தணி, புத்தூர், நாராயணவனம் என்று ஊர் ஊராகச் செல்லும் வழியிலும், மேற்கே சித்தூரிலிருந்து சந்திரகிரியைக் கடந்து வரும் வழியிலும், ஒரு நாள் நடைக்கு ஒன்றாகச் சத்திரமோ மண்டபமோ குளக்கரைத் தோப்போ இருந்தது. தர்மசிந்தை உடையவர்கள் சத்திரம் கட்டினார்கள் என்றால், அதன் பொருள் சோறு போட்டார்கள் என்பது மட்டுமன்று. இருட்டிய பிறகு இதற்கு மேல் போகாதே, இங்கே தங்கு என்று வழிப்போக்கனுக்குச் சொல்லி வைத்தார்கள் என்பதும் ஆகும். சென்னை உச்ச நீதி ஸ்தலத்தில் தலைமை துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி 1830ஆம் வருஷம் மே மாதம் 18ஆம் தேதி காசி யாத்திரைக்குக் கிளம்பித் திருப்பதி வழியாகக் கடப்பைச் சீமைக்குள் புகுந்தபோது, அவர் பல்லக்கில் சென்றார். ஆட்கள், சாமான்கள், கூடாரங்கள் யாவும் உடன் சென்றன. தம் நண்பர் கோமலேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அவர் தெலுங்கில் எழுதியனுப்பிய கடிதங்கள் பிறகு ஒரு புத்தகமாக வெளிவந்தன. தங்குவதற்கு எந்த ஊரில் என்ன வசதி, எங்கே நல்ல தண்ணீர் உண்டு, எங்கே இல்லை என்பதையெல்லாம் அவர் கவனித்து எழுதியிருப்பதைப் படிக்கும் எவருக்கும், அக்காலத்துப் பிரயாணம் என்பது ஒரு தங்குமிடத்திலிருந்து மற்றொரு தங்குமிடத்துக்குச் செல்லும் காரியமாகவே இருந்தது என்பது விளங்கும். இரவில் பயணம் செய்யவே மாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோடை வெயிலுக்கு அஞ்சி இரவில் பல்லக்குத் தூக்குவதும் உண்டு. ஆனால் அப்போது முன்னும் பின்னும் தீவட்டி பிடிப்போர் ஓடுவார்கள், எண்ணெய்த் துணி அணையும்போது பல்லக்கைக் கீழே வைத்து நிற்கவும் இடம் இருந்தது. விளக்கு, நிற்பதற்கு ஒரு நிலம் என்ற இந்த இரண்டும் இருந்தால் இரவு அத்தனை பகையன்று.

விளக்கைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வருகிறவன் கையில் உள்ள விளக்கு ஒன்று. அடைய வேண்டிய இடத்திலிருந்து வருகிறவனை அழைக்கும் விளக்கு மற்றொன்று. இரண்டாவது வகை விளக்கை நம்மவர்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள்; தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்துக் கலங்கரை விளக்கம் பேசப்படுகிறது. அதே தொண்டை நாட்டின் வட கோடியில், ஒளிக்குப் பதிலாக ஒலியால் அமைந்த ஒரு சங்கிலியைப் பற்றிய செவிவழி மரபு உண்டு. திருமலையில் நைவேத்தியம் ஆனதும் அங்கே ஒலிக்கும் மணியை அடுத்த மண்டபத்தார் கேட்டுத் தம் மணியை அடிக்க, அது அடுத்த மண்டபத்துக்கு எட்ட, இப்படியே சந்திரகிரிக் கோட்டை வரையில் ஓசை சென்று சேர்ந்த பிறகே அரசர் உணவு கொள்வார் என்பார்கள். திருமலை நாயக்கரையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இணைத்துத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் நகரா மண்டபக் கதையும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். இன்றும் திருப்பதி ஊரில் நின்று இரவில் மலையை நிமிர்ந்து பார்த்தால், படி வழியிலுள்ள காலி கோபுரத்தருகே சங்கு, சக்கரம், திருநாமம் ஆகியவை மின் விளக்குகளால் ஒளிர்வதைக் காணலாம். கீழிருந்து நோக்குகிறவனுக்கு, கறுத்த மலையின் உருவம் முழுவதும் மறைந்து, அந்த மூன்று ஒளிச்சின்னங்கள் மட்டும் ஆகாயத்தில் மிதப்பது போலத் தோன்றும். பக்தனுக்கு அது பரவசம் தரும் காட்சி. ஆயின் மலை மறைந்து விளக்கு மட்டும் தெரிகிறது என்னும் இதே காட்சி, வானத்திலிருந்து வருகிற ஒருவனுக்கு எத்தகைய மயக்கத்தை உண்டாக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மலைக்கு மோட்டார் பாதை போட்டு, 1944ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் அதைத் திறந்து வைத்தார். அதுவரையில் அலிபிரியிலிருந்து ஏறத்தாழ 3,550 படிகளை ஏறியோ, டோலியில் அமர்ந்தோதான் சென்றாக வேண்டும். மோட்டார் வந்ததும் மலை அருகில் வந்துவிட்டது. அருகில் வந்தும்கூட, இரவில் சில மணி நேரம் பாதையை அடைக்கும் கட்டுப்பாடு கைவிடப்படவில்லை. சத்திரம் கட்டியவர்களின் புத்தி சாவடிக் கதவாக உருமாறி நிலைத்துவிட்டது. நிலத்தில் நடந்த சரித்திரம் இது.

ஆகாயத்திலும் ஆரம்பத்தில் இதே புத்திதான் இருந்தது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். 1932ஆம் வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தில் தபால் மூட்டையைக் கொண்டு வந்து சேர்த்ததைப் பாடப் புத்தகங்களிலே படித்திருக்கிறோம். ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன என்பதும் பலரும் சொல்லிக் கேட்ட செய்தி. ஆனால் அந்தத் தபால் பம்பாயோடு நிற்கவில்லை. நெவில் வின்சென்ட் என்னும் விமானி மற்றொரு விமானத்தில் அதை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டார். நடுவே பெல்லாரியில் இறங்கினார். இரவு அங்கேயே தங்கினார். மறுநாள் பகலில் எழும்பிச் சென்னையை அடைந்தார். இரவில் இறங்குவதற்குரிய விளக்கோ, வழி காட்டும் கருவியோ இல்லாதபோது, இறங்க முயலாமலிருப்பதே முறை என்று அந்த முன்னோடிகள் கொண்டார்கள். பெல்லாரியையும் சென்னையையும் படத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், அக்கோடு திருப்பதிக்கு மிக அருகில் செல்வதைக் காணலாம். பல்லக்கில் சென்றவர்கள் ஊர் ஊராகத் தங்கிச் சென்ற அதே பிரதேசத்தின் மேலே, அவர்களைப் போலவே ஓரிரவு தங்கிப் பகலில் புறப்பட்டு, டாட்டாவின் முதல் விமானத் தபால் சென்றது என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு ஒரு தனித்த மகிழ்ச்சி உண்டாகிறது. பெல்லாரிதான் நம்முடைய ஆகாயப் பாதையின் முதற் சத்திரம்.

மற்ற நாடுகளில் அந்தப் பொறுமை முன்னதாகவே போய்விட்டது. ரயில் இரவும் பகலும் ஓடும்போது, விமானம் பகலில் மட்டும் பறந்தால் தபால் இலாகாவுக்கு லாபமில்லை என்ற கணக்கு அமெரிக்காவில் எழுந்தது. 1921ஆம் வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி இரவு, ஜாக் நைட் என்னும் தபால் விமானி, நெப்ராஸ்கா மாகாணத்து நார்த் பிளாட்டிலிருந்து புறப்பட்டு, பனிக் குளிரில் சிகாகோ வரையில் பறந்தார். வழியிலே குடியானவர்களும் தபால்காரர்களும் வயல்களில் சொக்கப்பனை போலத் தீ மூட்டி அவருக்குத் திசை காட்டினார்கள். பிறகு அந்தத் தீக்களின் ஸ்தானத்தில் சுழலும் விளக்குக் கோபுரங்கள் கண்டம் முழுவதும் வரிசையாக நிறுத்தப்பட்டன. சந்திரகிரியின் மணி மண்டபங்கள் ஓசையால் செய்ததாகச் சொல்லப்படும் வேலையை அவை ஒளியால் செய்தன. ஆனால் மூடுபனி ஒளியை விழுங்கிவிடும். பிற்காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடந்து கீர்த்தி பெற்ற லிண்ட்பர்க், 1926ஆம் வருஷத்தில் சிகாகோ தபாலைக் கொண்டுசெல்லும் வேலையில் இருந்தபோது, இறங்க இடம் தெரியாமலும் பெட்ரோல் தீர்ந்துபோயும், சில வார இடைவெளியில் இருமுறை பாராசூட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலே குதித்து உயிர் தப்பினார். விமானத்தையும் தபாலையும் விட்டுவிட்டுக் குதிக்கலாம். பின்னால் மனைவி மக்களோ, நோயாளியோ, மந்திரியோ அமர்ந்திருந்தால் குதிப்பது எங்ஙனம்? 1929 செப்டம்பர் 24ஆம் தேதி ஜிம்மி டூலிட்டில் என்பவர் தம் இருக்கையை முழுவதும் திரையிட்டு மூடிக்கொண்டு, கருவிகளின் முட்களை மாத்திரம் பார்த்து மேலெழும்பிச் சுற்றிவந்து தரையில் இறங்கிக் காட்டியபோதுதான், கண்ணை நம்பாமல் கருவியை நம்பிப் பறக்கும் வித்தை பிறந்தது.

நமது தேசத்தில் இரவு விமானம் ஒரு கொள்கையாக வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு 1949 ஜனவரியில். ரஃபி அகமது கித்வாய் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்த காலம் அது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு பட்டணங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் எழும்பி, நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பும். மயிலாப்பூரில் மாலையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கையில் கிடைத்தது என்றால், அந்த இரவில் வேங்கடத்துக்குக் கிழக்கே இருட்டைக் கிழித்துக்கொண்டு வடக்கு நோக்கிப் போன ஒரு டகோடா விமானமே அதற்குக் காரணம். அதற்கும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. 1953 டிசம்பர் 12ஆம் தேதி விடியுமுன், நாகபுரியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய டகோடா சற்று நேரத்திலேயே கீழே விழுந்து பதின்மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர் விமானி ஒருவரே. அக்காலத்துச் சிறிய விமானத் தளங்களில் வாத்தின் கழுத்தைப் போல நீண்ட மூக்குள்ள மண்ணெண்ணெய் விளக்குகளை ஓடுபாதையின் இருபுறத்திலும் வரிசையாக ஏற்றி வைப்பார்கள். காற்றடித்தால் அவை அணையும். ஓடிச் சென்று மறுபடி ஏற்றுவார்கள். தீவட்டி பிடித்தவர்களின் சந்ததி என்று அவர்களைச் சொல்லலாம்.

பெரிய விமானமும் இருட்டுக்கு விலக்கன்று. 1973 மே 31ஆம் தேதி இரவு, சென்னையிலிருந்து டில்லிக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங், பாலம் விமான நிலையத்தில் புழுதிப் புயலுக்கிடையே இறங்க முயன்று, ஓடுபாதையை எட்டுமுன்னரே உயர் அழுத்த மின் கம்பிகளில் மோதி எரிந்தது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம் அவர்களில் ஒருவர். அந்தச் செய்தி தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தகைய மௌனத்தை உண்டாக்கிற்று என்பதை அக்காலத்தவர் இன்னும் மறக்கவில்லை.

இருட்டில் தரையிறங்குவது ஏன் இத்தனை கடினம்? பகலில் மனிதன் ஓடுபாதையை மட்டும் பார்ப்பதில்லை. வயல், மரம், வீடு, வேலி, மாடு என்று அறிந்த பொருள்களின் அளவைக் கொண்டு, தன் உயரத்தைத் தன்னையறியாமலே கணித்துக்கொண்டிருக்கிறான். இரவில் இவை யாவும் அழிந்து, தொலைவில் இரண்டு வரிசை விளக்குகள் மாத்திரம் ஒரு கருங்குழியின் அப்பாலே மிதக்கின்றன. அப்போது, தான் மிகவும் உயரத்தில் இருப்பதாக அவனுக்கு ஒரு பொய்த்தோற்றம் உண்டாகிறது. உடனே விமானத்தைத் தாழ்த்துகிறான். விளக்குகளுக்கு முன்னால் உள்ள மேட்டையோ மரத்தையோ கம்பியையோ காணாமல் மோதுகிறான். போயிங் கம்பெனியைச் சேர்ந்த கான்ராட் கிராஃப்ட் என்பவர், அனுபவம் முதிர்ந்த விமானிகளைப் பாவனை விமானத்தில் அமர்த்திப் பரீட்சித்து, அவர்களும் இந்த மயக்கத்துக்கு ஆளாவதை நிரூபித்தார். இதற்குப் பரிகாரமாகவே ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் வைக்கப்படுகின்றன: சரியான சரிவில் வருகிறவனுக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும், நான்கும் சிவந்தால் மிகத் தாழ்ந்துவிட்டாய் என்று பொருள். மற்றொரு மயக்கம் காதில் இருக்கிறது. உட்காதின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம்தான் நாம் சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று மூளைக்கு அறிவிக்கிறது; ஆனால் மிக மெதுவாகத் தொடங்கும் திருப்பத்தை அது உணராது. அடிவானம் தெரியாத இருட்டில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில் அமர்ந்திருப்பவன், தான் நேராகச் செல்வதாக உறுதியாக நம்புவான். உடம்பு சொல்லும் சாட்சி பொய், கருவியின் முள் சொல்வதே மெய் என்று அந்தக் கணத்தில் ஏற்பதற்குப் பெரும் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி போதாமல் நேர்ந்த மரணங்களில் உலகம் முழுவதும் அறிந்தது ஒன்று. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் மகன், தம் 38ஆம் வயதில், 1999 ஜூலை 16ஆம் தேதி இரவு, மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு, தாமே ஓட்டிய சிறு விமானத்தில் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவை நோக்கிச் சென்றார். பனிமூட்டம் கவிந்த கடலுக்கு மேலே, வானமும் நீரும் ஒன்றாகிவிட்ட கறுப்பில், தரையிறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தபோது திசை மயங்கி மூவரும் கடலில் மாண்டார்கள். கருவியை மட்டும் கொண்டு பறப்பதற்குரிய தகுதிச் சான்று அவரிடம் இல்லை. அவர் ஓட்டிய விமானத்தில் பழுது எதையும் விசாரணையாளர்கள் காணவில்லை.

நம் நாட்டில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். 2011 மே 25ஆம் தேதி இரவு சுமார் பத்தே முக்கால் மணிக்கு, பாட்னாவிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு டில்லியை நெருங்கிய ஒற்றை இயந்திரமுள்ள பிலாட்டஸ் விமானம், இறங்குவதற்குச் சிறிது நேரமே இருக்கையில், காற்றும் புழுதியும் சுழன்ற வானத்திலிருந்து ஃபரீதாபாத் பர்வதீய காலனியின் வீடுகள் மீது விழுந்தது. உள்ளிருந்த ஏழு பேரும் மாண்டனர். நோயாளி, உறவினர், மருத்துவர், செவிலியர், விமானிகள் எல்லோரும் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே அந்த இரவில் புறப்பட்டவர்கள். கீழே தம் வீட்டில் இருந்த மூன்று பெண்களும் அவர்களோடு இறந்தார்கள். வெளியே வீசிய காற்றின் தாக்கமோ, விமானத்தைக் கையாண்டதில் நேர்ந்த தவறோ, திசை மயக்கமோ, அல்லது இவை யாவும் கூடியோ விமானம் கட்டுக்கு அடங்காமற் போயிற்று என்பது விசாரணையின் முடிவு. மற்றொன்று, 2023 ஜனவரி முதல் வாரத்தில், மத்தியப் பிரதேசத்து ரீவா நகருக்கு அருகில் பயிற்சிப் பள்ளி ஒன்றின் சிறு விமானம் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் பனிமூட்டத்துக்கிடையே ஒரு கிராமத்துக் கோயிலின் சிகரத்திலும் மின் கம்பியிலும் மோதி நொறுங்கியது. கற்பித்த விமானி இறந்தார். கற்க வந்தவர் காயத்தோடு பிழைத்தார். ஊருக்கே அடையாளமாக, வழிப்போக்கன் தூரத்திலிருந்தே கண்டு கை குவிக்கும் கோபுரச் சிகரம், கண் தெரியாத இரவில் காலனாக நின்றது.

இனி நம் பிரதேசத்துக்குத் திரும்புவோம். திருப்பதிக்குக் கிழக்கே ரேணிகுண்டாவில் விமான நிலையம் 1970களில் ஏற்பட்டது. 2015 அக்டோபரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. சமவெளியில் அமைந்த அந்த ஓடுபாதைக்கு அணித்தாகவே சேஷாசலத் தொடர் எழுகிறது. கடல் மட்டத்திலிருந்து திருமலை சுமார் 2,800 அடி. சந்நிதிக்கு நேர் மேலே விமானம் பறத்தல் ஆகாது என்று தேவஸ்தானம் மத்திய அரசிடம் வேண்டி வருவதற்கு ஆகம சாஸ்திரம் காரணம். ஆனால் இருட்டிலும் மழை மேகத்திலும் அந்த மலையை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதற்குச் சாஸ்திரத்தின் துணையும் வேண்டியதில்லை.

இந்நிலப்பரப்பு ஒரு முறை பெருங்கருணை காட்டியது. 1993 நவம்பர் 15ஆம் தேதி, சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஒன்று, அங்கே மூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல், இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழுந்தது. இறங்குவதற்காக இறக்கையின் பின்புறம் நீட்டப்பட்ட மடல்கள் மீண்டும் உள்ளே மடங்க மறுத்துவிட்டன. அவற்றை நீட்டிக்கொண்டே சென்னைக்குத் திரும்பியபடியால் காற்றின் எதிர்ப்பு மிகுந்து, எரிபொருள் கணக்கை மீறிச் செலவழிந்தது, சென்னையை எட்ட முடியாதென்று தெரிந்ததும் திருப்பதியை நோக்கினார்கள், அதையும் எட்டவில்லை. ரேணிகுண்டாவுக்குச் சற்றுத் தொலைவில், பகல் வெளிச்சத்தில், ஒரு நெல் வயலைக் கண்டு அதில் அந்தப் பிரம்மாண்டமான விமானத்தை இறக்கினார்கள். 262 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. வேங்கடவன் காத்தான் என்று ஜனங்கள் சொன்னார்கள். அதை மறுக்க நான் யார்? அதோடு, ஐப்பசி மழையில் ஊறிய சேறும், வரப்பையும் மரத்தையும் இனங்கண்டு விலக்க விமானிக்கு உதவிய சூரிய வெளிச்சமும் சேர்ந்துகொண்டன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதே வயல், அதே விமானம், அதே விமானி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரவாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு நடுங்குகிறது.

மற்றொரு முறை, பகலே இரவாயிற்று. 2009 செப்டம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணி கடந்து, ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி, ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து ஹெலிகாப்டரில் சித்தூருக்குப் புறப்பட்டார். சித்தூர் ஜில்லாவின் அனுப்பள்ளி கிராமத்தில் ‘ரச்சபண்டா’ என்னும் மக்கள் குறை கேட்கும் நிகழ்ச்சியைத் தொடங்கி வைப்பது அன்றைய உத்தேசம். ரச்சபண்டா என்றால் ஊர்ப் பொதுத் திண்ணை. அரச மரத்தடியில் ஊரார் கூடியமர்ந்து பேசும் மேடை. அந்தத் திண்ணையில் ஊர் காத்திருக்க, ஹெலிகாப்டர் நல்லமலைக் காடுகளின் மேல் அடர்ந்த மழை மேகத்துக்குள் புகுந்து, ஒன்பதரை மணிக்குச் சற்று முன்னே தொடர்பு அறுந்தது. மறுநாள் காலையில்தான் பாவுராலகுட்டா என்னும் குன்றில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஐந்து பேரும் இறந்திருந்தார்கள். மேகத்தினுள்ளே எண்ணெய் அழுத்தத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை ஆராய்வதில் விமானிகள் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆழ்ந்துவிட, வெளியே நிகழ்வது அவர்கள் கவனத்தை விட்டு அகன்றது என்று விசாரணைக் குழு கூறிற்று. மேகத்தினுள் இருப்பவனுக்குக் காலை ஒன்பது மணியும் நள்ளிரவும் ஒன்றுதான். இதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2002 மார்ச் 3ஆம் தேதி, மக்களவைத் தலைவர் பாலயோகியின் ஹெலிகாப்டரும் தெளிவில்லாத வானத்தில் இறங்க இடம் தேடிக் கைகலூருக்கு அருகில் ஒரு மீன் குளத்தில் விழுந்தது. அதற்கும் முந்திய செப்டம்பரில் முன்னாள் மத்திய மந்திரி மாதவராவ் சிந்தியா ஒரு பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் வழியில் சிறு விமானத்தோடு எரிந்து மாண்டார். இவர்களில் சிலருக்காக எங்கோ ஒரு கூட்டம் காத்திருந்தது.

கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில், சூரியாஸ்தமனத்துக்குப் பிறகு சூரியோதயம் வரையில், கட்டுப்பாட்டு நிலையத்தின் தனி அனுமதியின்றிப் பறக்கலாகாது என்பது நம் நாட்டின் விதி. விதி இருக்கிறது, கருவியும் விளக்கும் வந்துவிட்டன, பெரிய கம்பெனி விமானங்கள் இரவு முழுவதும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் க்ஷேமமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயினும் சிறு விமானத்தின் நிலை வேறு. அங்கே விமானிக்கும் எஜமானருக்கும் நடுவே ஒரு திரை மாத்திரமே இருக்கிறது. அந்த எஜமானரின் கைக்கடிகாரம் விமானியின் கழுத்தின் பின்னாலே ஓடிக்கொண்டிருக்கிறது. பல்லக்குத் தூக்கியவன் தீவட்டி அணைந்ததும் பல்லக்கை இறக்கி வைத்து, எஜமானே, இதற்கு மேல் வழி தெரியவில்லை என்று சொல்லலாம். விமானி எதன்மேல் இறக்கி வைப்பான்? ஆகாயத்தில் சத்திரம் இல்லை, மரத்தடி இல்லை, சாவடி இல்லை. புறப்படாமல் இருத்தல், புறப்பட்ட பின் திரும்பிவிடுதல், வெளிச்சமுள்ள வேறோர் ஊரில் இறங்கி இராத் தங்குதல் என்னும் இந்த மூன்றே அவனுக்குள்ள சத்திரங்கள். 1932இல் பெல்லாரியில் தங்கிய வின்சென்ட்டை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

ஆகவே, சொந்த விமானத்திலும் வாடகை விமானத்திலும் ரேணிகுண்டாவுக்கு வந்து ஏழுமலையானைத் தரிசிக்கும் பெரிய மனிதர்களுக்கும், கூட்டங்களுக்காக ஜில்லா ஜில்லாவாகப் பறக்கும் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு இறங்க வேண்டாம், திரும்பிவிடுவோம் என்று உங்கள் விமானி சொன்னால், மறு பேச்சின்றிச் சரி என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக அவர் வேலைக்கு ஒரு குறைவும் வராது என்பதைப் புறப்படும்போதே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். சென்னையில் இறங்கிக் காரில் வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் திருப்பதி வந்துவிடும். நள்ளிரவு கடந்து வந்தால் அலிபிரியில் மற்றவர்களோடு நீங்களும் சிறிது நேரம் காத்திருக்க நேரும். சுப்ரபாதம் விடியுமுன்னரே தொடங்கிவிடும்.